மேற்கே போன கடல்

அத்தியாயம் ஏழு

கல்முனையில் ஒரு வீட்டு இரகசியம் வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பக்கத்து வீடு. மற்றது நாங்கள். பக்கத்து வீடு வேகமானது. எங்களிடம் ஆதாரம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் என்றால் ஊருக்கே அக்காவான அஸீஸா ராத்தாவும் நானும். ராத்தா இருபது வருடம், முஸ்லிம்களின் மண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். எந்தப் புருஷன் எந்தப் பொய்யை எந்த முகத்தோடு சொல்வான் என்பதை அங்கே கற்றுத் தேறி, ஓய்வுபெற்ற மறுமாதமே தையல்கடை மாடியில் ‘அஸீஸா விசாரணைச் சேவை’ என்று பலகை மாட்டினார். என் பெயர் நப்லா. ஸ்கூட்டி ஓட்டுவது, ஃபைல் தேடுவது, ராத்தா மரியாதைக்காகச் சொல்லாமல் விடுவதையெல்லாம் சொல்லிவிடுவது ஆகியவை என் பொறுப்பு.

அந்த வியாழக்கிழமை காலை ஜெமீலா ஹாஜியானி படியேறி வந்தார். பஸாரில் ஸ்கார்ப், ஹபாயா, வளையல் விற்கும் கடை அவருடையது. உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“புது மெக்னட் பின் மகள். டுபாயால வந்த. ஸ்கார்ப்பக் குத்திக் கிழிக்கத் தேவல்ல. உள்ளுக்கொண்டு வெளியிலொண்டு வெச்சா ‘டக்’கெண்டு புடிச்சிரும்.”

இலவசமாக வந்த எதையும் நான் வேண்டாம் என்று சொன்னதாக வரலாறு இல்லை. உடனே கழுத்தருகில் வைத்தேன். அந்தக் காந்தப் பொத்தான் ‘டக்’கென்று பிடித்தது.

“சொல்லுங்க ஹாஜியானி,” என்றார் ராத்தா.

“என்ட மருமகன் சுவிஸ்ல ஒரு பொம்புளையோட அஞ்சு மணித்தியாலம் இருந்திரிக்கார். அத நீங்க நிரூபிக்கணும். சனிக்கிழமை மகள் ஆகிலா காதிட்ட விவாகரத்து மனுக் குடுக்கப் போறா. வெறுங்கையோட போக ஏலா.”

ஹாஜியானி பேசப் பேச விஷயம் விளங்கியது. மகன் றிஸ்கானுக்கு சுவிஸில் வேலை. போன மாதம் தாய், தகப்பன், தங்கை ஆகிலா, தங்கையின் புருஷன் அஹ்ஸன் எல்லோரையும் அழைத்து, மலையில் ஒரு வாரம் விடுமுறை கொண்டாட வைத்திருக்கிறான். மலையைப் பார்த்துவிட்டு சும்மா வந்தால் போதாதாம். ஓரியண்டியரிங் என்று ஒரு விளையாட்டு. கையில் ஒரு வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொடுத்துக் காட்டுக்குள் விடுவார்கள். ஒளித்து வைத்த கொடிகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, அட்டையில் துளை போட்டுக்கொண்டு திரும்பி வரவேண்டும். எங்கள் ஊரில் ஒரு காணி உறுதிப் பத்திரத்தில் பெயர் மாற்றப் போனாலே இந்த விளையாட்டு முழுவதையும் விளையாடிவிடலாம். அதற்கு விமானச் சீட்டும் தேவையில்லை.

தகப்பன் அதாவுல்லா ஹாஜியார் முழங்கால் வலி என்று சொல்லி விடுதியிலேயே தேநீரோடு தங்கிவிட்டார். குடும்பத்திலேயே புத்திசாலி அவர்தான். மற்ற மூவரும் புறப்பட்டார்கள். ஃபோன் பார்த்து வழி கண்டுபிடிக்கக் கூடாது என்று றிஸ்கான் எல்லா ஃபோன்களையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். பாதி வழியில் ஒரு மலைக் குடிசை, அதுவரை அவனே வழிகாட்டி வந்தான். அங்கே எல்லோரும் சேர்ந்து நண்பகல் லுஹர் தொழுதார்கள். பிறகு ஹாஜியானியும் ஆகிலாவும் குறுக்குப் பாதையில் போக, அஹ்ஸன் தனியே நீண்ட பாதையில் போனார்.

“ரெண்டு மணிக்குப் போன மனிசன். ஏழு மணிக்கு எங்க கிடைச்சார் தெரியுமா? மலைக்கு அங்கால பக்கத்து ஊர்ல, ஒரு பேக்கரிக்குள்ள!”

ஃபோனை நீட்டினார். படத்தில் அஹ்ஸன் ஒரு பணிஸ் ரொட்டியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மஞ்சள் முடியோடு ஒரு பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரிலிருக்கும் றிஸ்கானின் கூட்டாளி ஒருவன் எடுத்த படம். அது குடும்ப வாட்ஸ்அப்புக்கு வந்து, அங்கிருந்து கல்முனைக்கும், மருதமுனைக்கும், சாய்ந்தமருதுக்கும் போயிருந்தது.

“வழி தப்பின ஆள் சிரிப்பாரா?”

“அவர் என்ன சொல்றார்?” என்றார் ராத்தா.

“வழி தப்பிட்டனாம். அதுக்கு மேல வாயத் தொறக்கிறாரில்ல. அந்தாள் ஆர்? சேர்வேயர்! பதினேழு வருசமா கொம்பஸ்ஸக் கட்டிக்கிட்டு காடுகரம்பெல்லாம் அளக்கிற மனிசன். காட்டுக்க யானைக்கே வழி சொல்லக்கூடிய ஆள். அவர் வழி தப்பினாராம், நான் நம்பணுமாம்.”

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அஹ்ஸனுக்கு ஆபத்து. ஒரு ஆசிரியரோ வியாபாரியோ வழி தவறினால் ஊர் சிரித்துவிட்டு விட்டுவிடும். நில அளவையாளர் வழி தவறினால் அதற்கு மஞ்சள் முடி இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். வீடு அவளுடையது. ஆகவே சண்டை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவரும் அவரேதான். அஹ்ஸன் மூன்று வாரமாகப் பாலமுனையில் தன் உம்மா வீட்டில் இருந்தார்.

“ஆகிலா அழுறாவா?”

“இல்ல.” ஹாஜியானியின் குரல் முதல்முறையாக இறங்கியது. “அதுதான் எனக்குப் பயமா இரிக்கி. சாப்பிடுறா, தொழுறா, ஒரு சொல்லுக் கதைக்கிறாவில்ல. ராவைக்கு லைட் எரிஞ்சபடி கிடக்கு.”

பிறகு அஹ்ஸன் விட்டுப்போன வரைபடத்தை மேசையில் விரித்தார். குடிசை இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. அதன் பக்கத்தில் 303 என்று எழுதியிருந்தது.

“இது ரூம் நம்பர்,” என்றார்.

“பேக்கரியிலயா?” என்றேன் நான்.

ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஹாஜியானியிடம், “இந்த ஆட்டத்தில ஆர் வெண்ட?” என்று கேட்டார்.

“நானும் மகளும்தான்!” முகம் மலர்ந்துவிட்டது. ஒரு மாட்டு மணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் ஆகிலாவும் நிற்கும் படத்தைக் காட்டினார். சுவிஸில் வென்றவர்களுக்கு மாட்டு மணி கொடுப்பார்களாம். எங்கள் ஊரில் மாட்டுக்குத்தான் கொடுப்போம். ராத்தா அந்தப் பயணத்தின் எல்லாப் படங்களையும் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னார்.

ஹாஜியானி போனதும், “இந்த முந்நூத்தி மூணத் துரத்துவம்,” என்றார். “சேர்வேயர் ஒரு நம்பர சும்மா எழுதமாட்டார்.”

முதலில் புத்தகக் கடையில் ஒரு திசைகாட்டி வாங்கினோம். கடைவாசலில் வைத்துப் பார்த்தோம். கடல் கிழக்கே இருப்பதாகச் சொன்னது. நல்ல திசைகாட்டி. அதன் கயிற்றை என் கழுத்தில் மாட்டிவிட்டு ராத்தா ஸ்கூட்டியில் பின்னால் ஏறினார். கயிறு நீளமாக இருந்ததால் காற்றில் ஆடியது. நான் அதைச் சுருக்கி முடிச்சுப் போட்டு, ஸ்கார்ப்புக்குள் செருகிக்கொண்டேன்.

சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போனால் பாலமுனை வரும். அஹ்ஸன் வீட்டில் இல்லை. “பள்ளிலதான் கிடப்பான்,” என்றார் அவருடைய உம்மா.

பள்ளிவாசல் புதிதாகக் கட்டியது, சுவருக்கு இன்னும் வர்ணம் பூசவில்லை. வாசலோரம் அலுவலக அறையில் மரைக்கார் ஹமீட் இருந்தார். பள்ளி நிர்வாகத்தில் மூத்தவர். இரண்டு பெண்கள் வந்து நின்றால் ஏதோ நன்கொடை என்று நினைத்திருப்பார். அப்படியொரு வரவேற்பு. ராத்தாவின் கண்கள் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பள்ளியின் வரைபடத்தில் நின்றன. அதில் தொழுகை வரிசைகளின் மேலே ஒரு அம்பு. அம்பின் பக்கத்தில் 294 என்று எழுதியிருந்தது.

“இது என்ன நம்பர் மரைக்கார்?”

“கிப்லா!” தொழும்போது முகம் பார்க்கும் மக்காவின் திசை. மரைக்கார் நெஞ்சை நிமிர்த்தினார். “பழைய பள்ளி நேர் மேற்க பாத்துக் கட்டின. எங்கட ஆக்களுக்கு மேற்கெண்டா கிப்லா, கிப்லாவெண்டா மேற்கு. அஹ்ஸன்தான் வந்து அளந்து, மேற்கு வேற கிப்லா வேற, வடக்குப் பக்கம் சரியணும், இருநூத்தித் தொண்ணூத்திநாலு பாகை எண்டு காட்டினார். ஆறு மாசம் சண்ட தெரியுமா? பேசாமப் போன சொந்தக்காரர் எத்தின பேர். இப்ப கோடு போட்டாச்சு. ஆனா இன்னும் நாலஞ்சு பேர் அதில பிழை கண்டுபுடிக்கத் திரியிறாங்க.”

ராத்தா என்னைப் பார்த்தார். 294. 303. அண்ணன் தம்பி மாதிரி இரண்டு எண்கள்.

அஹ்ஸன் உள்ளேயிருந்து வந்தார். மெலிந்த மனிதர். கையில் சுண்ணக்கட்டி. எங்கள் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தே சலாம் சொன்னார்.

“தம்பி, முந்நூத்தி மூணெண்டா என்ன?” என்றார் ராத்தா.

சுண்ணக்கட்டி கீழே விழுந்து உடைந்தது.

“ஒண்டுமில்ல ராத்தா. வழி தப்பினன். என்ட பிழை. அவ்வளவுதான்.”

“சனிக்கிழமை ஆகிலா மனுக் குடுக்கப் போறா.”

“தெரியும். அவட விருப்பம்.”

“பொம்புளையோட போன ஆளெண்டு ஊரே கதைக்குது,” என்றேன் நான். “அதுக்கும் இதேதான் மறுமொழியா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் நின்ற மரைக்காரைப் பார்த்தார். “ஓம்,” என்றார். “அதுக்கும்.” உடைந்த சுண்ணக்கட்டியைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஒலுவிலில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். கடலைப் பார்த்தபடி பிளேன்டீ. எனக்குச் சலிப்பாக இருந்தது.

“குற்றமில்லாத மனிசன் இப்படி வாய மூடிக்கிட்டு நிப்பாரா ராத்தா?”

“குற்றமுள்ளவன்தான் நிறையக் கதைப்பான். இருபது வருசம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிட்டு. இவர் பொண்டாட்டிட பேரக் கேட்டாப் பயப்புடல்ல. மரைக்காரக் கண்டுதான் பயப்புடுறார்.”

நான் பொழுதுபோகாமல் திசைகாட்டியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். அது கடல் மேற்கே இருக்கிறது என்றது. ஒலுவிலில் கடல் வருடா வருடம் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. தென்னை, மீன்வாடி, ரோட்டு, எதையும் விட்டுவைப்பதில்லை. ஆனாலும் ஒரே காலையில் ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகுமளவுக்கு அதற்குத் துணிச்சல் வந்திருக்காது என்று நினைத்தேன்.

“கடைக்காரன் ஏமாத்திட்டான் ராத்தா. இது குப்பைக் கொம்பஸ். கடல மேற்க காட்டுது.”

ராத்தா கோப்பையை வைத்துவிட்டார். “காலையில சரியாத்தானே காட்டின?”

“காலையில நல்லா இருந்து கழுத்துக்கு வந்து கெட்டுப்போன சாமான் இது மட்டுமில்ல. மாலைகூட அப்படித்தான்.”

“கத குறைச்சு, கிட்ட வா.” திசைகாட்டியை வாங்கி மெதுவாக என் தாடைக்குக் கீழே கொண்டுவந்தார். முள் பேய் பிடித்ததுபோல் சுழன்று, ஹாஜியானி தந்த பின்னைப் பார்த்து ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடி தூரமாகக் கொண்டுபோனார். கடல் மறுபடியும் மேற்கே போனது.

“ஸ்கார்ப்புக்க வெச்ச கொம்பஸ் வழிமுழுக்க இந்தக் காந்தத்தில உரசிக்கிட்டே வந்திரிக்கி,” என்றார். “வடக்குத் தெற்கு புரண்டுட்டுது. எங்களுக்குக் கடல் இரிக்கி, பாத்த உடன பிழை புடிபட்டுட்டு. மலையில, மூடுபனியில, சூரியனும் இல்ல, கடலும் இல்ல. அங்க எதப் பாத்துக் கண்டுபுடிக்கிற?”

உடனே சுவிஸுக்கு அழைத்தார். றிஸ்கான் அப்போதுதான் எழும்பியிருந்தான் போலும், கொட்டாவியோடு பேசினான்.

“மகன், குடிசையில தொழுதீங்களே. கிப்லாவ எப்படிக் கண்டுபுடிச்ச?”

“ஃபோன்ல பாத்து தரையில டேப் ஒட்டினன் மாமி. இஞ்ச கிப்லா தென்கிழக்கு. நூத்தி இருவத்திமூணு பாகை.”

“அத மத்த ஆக்களுக்குச் சொன்னியா?”

“ஏன் சொல்ற? டேப் இரிக்குத்தானே. டேப்பப் பாத்து எல்லாரும் தொழுத.”

“பனியா அண்டைக்கு?”

“கை நீட்டினா விரல் தெரியாது மாமி.”

ராத்தா ஃபோனை வைத்துவிட்டு, கடைக்காரனிடம் ஒரு துண்டுக் கடதாசி வாங்கினார். 123 என்று எழுதினார். முள் புரண்ட திசைகாட்டி எதையும் நேர் எதிராகக் காட்டும். எதிர்த்திசை என்றால் 180 கூட்ட வேண்டும். கூட்டினார். 303.

எனக்குத் தேநீர் புரையேறியது.

அஹ்ஸன் கண்மூடித்தனமாகப் போகவில்லை. தொழிலைப் படித்தவர், புறப்பட முதல் திசைகாட்டியைச் சரிபார்த்திருக்கிறார். எதை வைத்து? தரையில் ஒட்டியிருந்த கிப்லாவை வைத்து. புரண்டு கிடந்த முள் அதை 303 என்று காட்டியது. பாலமுனைப் பள்ளியின் கிப்லா 294. ஆறு மாதம் சண்டை பிடித்து மண்டையில் ஆணி அடித்ததுபோல் பதிந்துபோன எண். ஒன்பது பாகை வித்தியாசத்தை மச்சான் டேப் ஒட்டிய இலட்சணம் என்று விட்டிருப்பார். கிப்லா ஊரில் இருக்கிற பக்கமே இருக்கிறது, ஆகவே திசைகாட்டி சரி. இங்கிருந்து மக்கா வடமேற்கே என்றால் ஐரோப்பாவிலிருந்து அது வேறு பக்கம் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஓடவில்லை. அப்படியே நம்பி, துல்லியமாக, ஒரு அடி பிசகாமல், நேர் எதிர்ப்பக்கம் நடந்து போயிருக்கிறார்.

“மேற்கு வேற கிப்லா வேற எண்டு ஊருக்கே வகுப்பெடுத்த மனிசன்,” என்றேன். “யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனா இந்த யானை சறுக்கின இடம் பள்ளி வாசல்.”

“அதுதான் வாயத் தொறக்கல்ல. கிப்லாவில பிழை விட்ட எண்டு சொன்னா, பாலமுனையில அந்த நாலஞ்சு பேரும் கோட்டக் கிளற வந்திருவாங்க. ஊர் ரெண்டாப் போயிரும்.” ராத்தா ஃபோனைக் கையில் எடுத்தார். “ஆனா கொம்பஸ் புரண்டது அவருக்கு இன்னும் தெரியா. முழுப் பிழையும் தன்ட எண்டு நெனச்சுக்கிட்டிரிக்கார். ஆம்புளைக்கு ஸ்கார்ப்புமில்ல பின்னுமில்ல. அப்ப அந்தக் கொம்பஸ் ஆர்ர கழுத்தில கிடந்த?”

படங்களை வரிசையாகத் தள்ளினார். புறப்பட முதல்நாள் எடுத்த படம். அஹ்ஸன் கழுத்தில் சிவப்புக் கயிறு, ஆகிலாவுக்கு நீலம், ஹாஜியானிக்குப் பச்சை. அதுவும் இதே மாதிரிப் பின்னுக்கு அருகே, ஸ்கார்ப்புக்குள் செருகப்பட்டிருந்தது. கடைசிப் படம், மாட்டு மணியோடு. ஹாஜியானியின் கழுத்தில் சிவப்புக் கயிறு, ஸ்கார்ப்புக்கு வெளியே இடுப்புவரை தொங்கியது.

இரண்டு பேரும் ஸ்கூட்டியில் ஏறினோம். சொந்தச் செலவில் சூனியம் வைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சூனியம் வைத்ததை நிரூபிக்க ஆளும் பிடித்து, அந்த ஆளுக்கு அதே சூனியத்தில் ஒன்றை அன்பளிப்பாகவும் கொடுத்தவரை அன்றுதான் கண்டேன்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம் ஹாஜியானியின் வீட்டுக்குப் போனோம். மாட்டு மணி வாசல் நிலையில் தொங்கியது, கதவைத் திறந்ததும் அடித்தது. அதாவுல்லா ஹாஜியார் சாய்கதிரையில் இருந்தார். மனைவி பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பதை அவர் முழுநேரத் தொழிலாகச் செய்துவந்தார்.

“ஆதாரம் கிடைச்சிட்டா?” என்றார் ஹாஜியானி.

“கிடைச்சிட்டு,” என்றார் ராத்தா. “உங்கட பச்சைக் கயித்துக் கொம்பஸ் என்ன செஞ்ச?”

“அது விடிய எழும்பிப் பாத்தா ஒரு மாதிரி ஆடிக்கிட்டு நிண்டிச்சு. மேசையில மருமகன்ட கிடந்த, நல்லாயிரிந்த. மாத்தி எடுத்திட்டன். அவருக்கென்ன, கொம்பஸ் இல்லாமலும் போற ஆள்தானே.”

“அவர் கண்டாரா?”

“கண்டார். ஒண்டும் சொல்லல்ல.”

சொல்லமாட்டார். எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், ‘சோறு போடவா எண்டு கேளு மகள்’, ‘போதுமெண்டு சொல்லுங்க ஆகிலா’ என்று எல்லாமே ஆகிலா வழியாகத்தான் போய்வரும். அந்த மரியாதையில் ஒருவர் திசைகாட்டியை எடுத்தார், மற்றவர் எடுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராத்தா திசைகாட்டியை ஹாஜியானியின் கழுத்தருகே கொண்டுபோனார். முள் சுழன்று அவருடைய பின்னில் ஒட்டியது. பிறகு நடந்தது முழுவதையும் ஒழுங்காகச் சொன்னார். முடியும்போது ஹாஜியானி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப நாங்க வெண்டது...”

“மருமகன்ட கொம்பஸ்ல,” என்றேன் நான். “அவர் போனது உங்கடதில.”

திரைச்சீலை விலகியது. ஆகிலா நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“அந்தப் பொம்புளை?” என்றாள்.

ராத்தா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். முழங்கால்வரை சேறு. கிழிந்த சட்டைக்கை. நீலம் பாய்ந்த உதடு. பணிஸை ஒரு கையாலல்ல, இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சூட்டுக்காக.

“பேக்கரிக்காரி மகள். பசிச்சு வந்த ஆளுக்குப் பணிஸ் குடுத்திரிக்கா.”

“சிரிக்கிறாரே?”

“அஞ்சு மணித்தியாலம் பனியில நடந்தாப் பொறவு சூடான பணிஸ் குடுத்தா எங்கட ராத்தாவே சிரிப்பா,” என்றேன்.

ஆகிலா படத்தை நெடுநேரம் பார்த்தாள். நான் அவள் அழுவாள் அல்லது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கோபப்பட்டாள். ஃபோனை எடுத்து அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“மச்சான், உம்மாட பின்னால கொம்பஸ் புரண்டிரிக்கி. உங்கட பிழை பாதிதான்.” பின்னின் கதையைச் சொன்னாள். “ஆனா நான் அதுக்கு எடுக்கல்ல. கிப்லாவில பிழை விட்டத்தச் சொல்ல வெக்கம். பொம்புளையோட போனதா நான் நெனைக்கிறத்துக்கு வெக்கமில்ல. அப்படித்தானே? மூணு கிழமையா நான் செத்துச் செத்துப் படுத்தன். என்ட காதில மட்டுமாவது சொல்லியிரிக்கலாமே!”

“ஆகிலா, பள்ளிக் கோடு...”

“கோட்டோட போய் இரிங்க. இல்லாட்டி நாளைக்கு ஜும்ஆவுக்குப் பொறவு மைக்ல சொல்லுங்க. எல்லாத்தையும். என்னையும் சேர்த்து ஊரே சிரிச்சது, இப்ப ஊரே கேக்கட்டும். சொல்லாட்டி சனிக்கிழமை நான் காதிட்ட போறன்.”

வைத்துவிட்டாள். ஹாஜியானிதான் மெதுவாக, “எல்லாத்தையும் எண்டா... பின் கதையையுமா?” என்றார். கடையில் அந்தப் பின் இன்னும் ஆறு பெட்டி இருந்தது.

வெள்ளிக்கிழமை நாவிதன்வெளி ஜீவராஜின் வேனைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பாலமுனைக்குப் போனோம். பள்ளிக்கு எதிரே வாகை மர நிழலில் வேனை நிறுத்தச் சொன்னோம். அதாவுல்லா ஹாஜியார் தொழப் போனார். நாங்கள் நாலு பேரும் உள்ளேயே இருந்தோம். ஹாஜியானி ஸ்கார்ப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதில் பின் இல்லை.

தொழுகை முடிந்தது. ஒலிபெருக்கியில் மரைக்கார் ஹமீட்டின் இருமல் கேட்டது. பிறகு அஹ்ஸனின் குரல்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுவிஸ்ல வழி தப்பினது உங்க எல்லாருக்கும் தெரியும். ஏனெண்டு தெரியா. அங்க கிப்லா தென்கிழக்கு. நான் அத எங்கட ஊர் மாதிரி வடமேற்கெண்டு எடுத்து, மலைக்கு மற்றப் பக்கம் போயிட்டன். வேற ஒரு கதையுமில்ல. கிப்லா படிச்ச ஆள் எண்டு பெருமையடிச்ச நான்தான் பிழை விட்ட. இதச் சொல்ல வெக்கப்பட்டு என்ட பொண்டாட்டிய அழ வெச்சிட்டன். அது அதவிடப் பெரிய பிழை.”

ஹாஜியானி கண்ணை மூடினார்.

“கொம்பஸ்ல ஒரு பிழையுமில்ல,” என்றது குரல். “அது நல்ல கொம்பஸ். முழுக்க என்ட கவனக்குறைவு.”

யாரோ கத்தினார்கள்: “அப்ப எங்கட பள்ளிக் கோடு?”

“இது மூணு ஆள், மூணு கொம்பஸ்ஸால அளந்த கோடு. சந்தேகமிரிக்கிறவங்க நாளைக்கு வாங்க. நீங்க அளவுங்க, நான் கயிறு புடிக்கிறன்.”

பள்ளியே சிரித்தது. சிரிப்புக்கு மேலே மரைக்காரின் குரல் மைக்கைப் பிடித்தது. “மனிசன் தொழுத பக்கம் சரிதானே! நடந்த பக்கம்தானே பிழை! போய்ச் சோத்தத் தின்னுங்க எல்லாரும்!”

வேனுக்குள் ஹாஜியானி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “என்ட பின்னச் சொல்லல்லயே,” என்றார் யாருக்கும் இல்லாமல். “ஒரு சொல்லுச் சொல்லல்லயே புள்ள.” மூன்று கிழமையாக ‘அந்தாள்’ என்று இருந்தவர் இப்போது புள்ளையாகிவிட்டார். எனக்கே கண் கலங்கியிருந்தது, அதற்கு வெயிலைக் காரணம் சொல்லவும் முடியாது, நிழலில்தான் இருந்தோம்.

அஹ்ஸன் படியிறங்கி வந்தார். ஆகிலா வேனைவிட்டு இறங்கினாள். நடுரோட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். ஜும்ஆ முடிந்து வந்த சனம் விலகி விலகிப் போனது.

“வீட்ட வாற வழி தெரியுமா?” என்றாள் ஆகிலா. குரல் இன்னும் இறுகித்தான் இருந்தது.

அவர் நிமிர்ந்து கிழக்கே பார்த்தார். “கடல வலப்பக்கம் வெச்சா கல்முனை,” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை அவரிடம் நீட்டினாள். அவர் குடித்துவிட்டு, வழக்கம்போல மாமி இருக்கும் ஆசனத்தைத் தவிர்த்து, வேனின் கடைசிப் பக்கம் போகத் திரும்பினார்.

“மகள், அவர...” என்று தொடங்கிய ஹாஜியானி நிறுத்திக்கொண்டார். பிறகு ஆகிலாவைப் பார்க்காமல், நேராக மருமகனின் முகத்தைப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

“பின்னுக்கு வேணாம் மகன்,” என்றார். “முன் சீட்டுல ஏறுங்க. ஜீவராஜுக்கு வழி சொல்லுங்க.”